டைலமா என்றால் குழப்பமா?

கேள்வி: எங்கள் ஆபீஸில் எதற்கெடுத்தாலும் ‘ஒரே டைலமாவா இருக்கு’ என்கிறார்கள். மதியம் பிரியாணியா பரோட்டாவா என்பதற்குக்கூட! டைலமா என்றால் குழப்பம்தானா? உச்சரிப்பு டைலமாவா, டிலெமாவா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: உச்சரிப்பைப் பற்றிக் கவலை வேண்டாம். அகராதிகள் இரண்டையும் ஒப்புக்கொள்கின்றன. ஸ்பெல்லிங்கில்தான் கவனம் தேவை. இரண்டு ‘எம்’. இரண்டாவது ‘எம்’முக்குப் பதில் ‘என்’ போட்டு வாத்தியாரிடம் குட்டு வாங்கியவன் நான்.

கிரேக்கத்தில் ‘டி’ என்றால் இரண்டு. ‘லெம்மா’ என்பது வாதத்துக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளும் கூற்று. இருப்பது இரண்டே வழி, எதில் போனாலும் அடி. அதுதான் டைலமா. பிரியாணியா பரோட்டாவா என்பது அதில் சேராது. எதைத் தின்றாலும் லாபம்தானே!

புரோட்டகோரஸ் என்ற கிரேக்க ஆசிரியரைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. வாதத்திறமை கற்க வந்த மாணவன் பாதிக் கட்டணம் கொடுத்தான். முதல் வழக்கில் ஜெயித்ததும் மீதி என்று பேச்சு. படிப்பு முடிந்தது, பையன் வழக்கே எடுக்கவில்லை. ஆசிரியர் கோர்ட்டுக்குப் போனார். “நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி பணம் கொடு. நீ ஜெயித்தால் அது உன் முதல் வெற்றி, ஒப்பந்தப்படி கொடு.” சிஷ்யன் லேசுப்பட்டவனா? “நான் ஜெயித்தால் தீர்ப்புப்படி தர வேண்டாம். தோற்றால் ஒப்பந்தப்படி தர வேண்டாம்” என்றான். நீதிபதிகள் தலையைப் பிய்த்துக்கொண்டு வழக்கை ஒத்திவைத்துவிட்டார்கள்.

ஆங்கிலத்தில் டைலமாவுக்கு இரண்டு கொம்பு உண்டு. ஒன்றுக்குத் தப்பினால் மற்றது குத்தும். நமக்கு அது நெருப்பு. மாணிக்கவாசகர் ‘இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு’ என்கிறார். என் பாட்டி, பாதி எரிந்த விறகை வெளியே இழுத்து, மறுமுனையை அடுப்புக்குள் திருப்பி வைப்பாள். இந்தப் பக்கம் கங்கு, அந்தப் பக்கம் தீ. பட்டைக்குள் இருந்த எறும்புகள் நடுவிலேயே முன்னும் பின்னும் ஓடும்.

மதில்மேல் பூனையை இதோடு சேர்க்காதீர்கள். அது எந்தப் பக்கம் மீன் இருக்கிறது என்று பார்த்துக் குதிக்கும். ‘தர்மசங்கடம்’ கிட்டத்தட்ட சரியான சொல்தான். ஆனால் இப்போது சம்பந்தி வீட்டில் வேட்டி நழுவினாலும் அதையே சொல்கிறோம்.

எனக்கு வந்த அசல் டைலமா ஒன்று: ஒரே நாள், ஒரே முகூர்த்தம். தேனியில் மச்சினன் மகள் கல்யாணம், திருச்சியில் மேலதிகாரி மகன் கல்யாணம். கெட்டிக்காரத்தனமாக மனைவியைத் தேனிக்கு அனுப்பிவிட்டு நான் திருச்சிக்குப் போனேன். இரண்டு மண்டபத்திலும் பன்னீர் தெளித்த கையோடு கேட்டார்கள்: “ஏன், தனியாவா வந்தீங்க?”