புயல் போன பின் கூரை யார் பொறுப்பு? கேள்வி பதில்

2025 பிப்ரவரி 28-இல் காரான்ஸ் புயல், இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரெயூனியனைத் தாக்கிய பின் வந்த கேள்விகளுக்கு, காப்பீட்டு இழப்பு மதிப்பீட்டாளரான நம் உறுப்பினரின் பதில்கள். அடைப்பில் இருப்பது கேட்டவரின் ஊர்.

அண்ணே, கூரை போய்விட்டது. அரசு கட்டித் தருமா? (சேன் ஆந்த்ரே)

தராது தம்பி. பணம் தர வேண்டியது உங்கள் காப்பீட்டுக் கம்பெனி. இயற்கைப் பேரிடர் என்று ஆணை போடுவதும், கம்பெனிகளின் மறுகாப்பீட்டுக்கு (கம்பெனிகள் தங்களுக்கே எடுக்கும் காப்பீடு) உத்தரவாதமாக நிற்பதும்தான் அரசின் வேலை. 1982-ஆம் ஆண்டுச் சட்டம் இது. கடல்கடந்த பகுதிகளின் புயல்காற்றை 2000-இல்தான் இதில் சேர்த்தார்கள். பத்து நிமிடச் சராசரி மணிக்கு 145 கி.மீ. அல்லது திடீர் வீச்சு 215 கி.மீ. எட்டினால் பேரிடர்க் கணக்கு. குறைந்தால் ஒப்பந்தத்தில் உள்ள சாதாரணப் புயல் பிரிவு. அதனால் "சேதம் காற்றாலா, தண்ணீராலா?" என்று மதிப்பீட்டாளர் கேட்டால் எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். உடைந்த தகரத்தை அள்ளும் முன் படம் எடுங்கள்.

பணம் எப்போது வரும்?

ஆணை அரசிதழில் வந்து 30 நாளுக்குள் நீங்கள் இழப்பைத் தெரிவிக்க வேண்டும். மதிப்பீட்டு அறிக்கை கிடைத்த ஒரு மாதத்தில் கம்பெனி தொகையைச் சொல்ல வேண்டும். நீங்கள் ஒப்புக்கொண்டால் 21 நாளில் பணம். வீட்டு இழப்பில் முதல் 380 யூரோ உங்கள் பங்கு.

கோயில் கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் உடைந்துவிட்டன, ஐயா.

கோயில் சங்கத்தின் சொத்து என்றால் சங்கத்தின் காப்பீடுதான் பேசும். ஒப்பந்தத்தில் வெறும் "கட்டடம்" என்று இருந்தால், சுதைக்கு விலை போடுவதில் இழுபறி வரும். ஸ்தபதிக்குப் பணம் கொடுத்த ரசீது, கும்பாபிஷேகப் படங்கள் எல்லாவற்றையும் தேடி எடுங்கள். பழைய படங்களுக்கு இப்போதுதான் மதிப்பு.

கரும்பு சாய்ந்துவிட்டது.

என் துறை இல்லை. விவசாயச் சபையில் கேளுங்கள்.

பணம் எப்போது வரும்?

மேலே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

இன்னொரு பிரெஞ்சுத் தீவான மயோத்தை நம் காசில் ஏன் கட்ட வேண்டும்? அங்கே பலரிடம் காப்பீடே கிடையாது. (சேன் பெனுவா)

நம் வீட்டை மட்டும் யார் காசில் கட்டுகிறோம்? வீட்டுக் காப்பீட்டுத் தவணையின் மேல் போடும் பேரிடர்க் கட்டணம் 2025 ஜனவரி முதல் 12-லிருந்து 20 சதவீதம் ஆனது. பிரான்சில் புயலையே பார்க்காதவரும் அதே விகிதம் கட்டுகிறார்.

2024 டிசம்பர் 14-இல் சிடோ புயல் மயோத்தைச் சிதைத்தது. அங்கே பள்ளி, மருத்துவமனை, குடிநீர்க் குழாய் எல்லாம் பொதுச் சொத்து. அவற்றைக் கட்டுவது தர்மம் இல்லை, கடமை. சிக்கல் தகரக் குடிசைகளில்தான். காப்பீடும் இல்லை, பட்டாவும் இல்லை. அரசு என்ன செய்தது? அடையாளமும் முகவரியும் காட்டாதவருக்குத் தகரம் விற்காதே என்றது. மக்கள் தரையில் கிடந்த அதே தகரத்தைப் பொறுக்கி, ஆணியடித்து நிமிர்த்திவிட்டார்கள். கட்டாதே என்றவர்கள், எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. என் குறை அதுதான்.

அவர்கள் அனுமதியில்லாமல் வந்தவர்கள் ஆயிற்றே? (மீண்டும் சேன் பெனுவா)

குடியுரிமைக்கு வேறு ஆளைப் பாருங்கள். மழை அனுமதிச் சீட்டுப் பார்த்துப் பெய்வதில்லை.

நம் தாத்தாக்களும் கரும்புக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள்தானே, சேன் பெனுவாக்காரரே? (சேன் தெனி)

அவர்கள் ஒப்பந்தத்தோடு வந்தார்கள்! (சேன் பெனுவா)

இருவரும் வெளியே போய்ச் சண்டை போடுங்கள். அடுத்தது.

வாடகை வீடு. மேலே ஒழுகுகிறது. பணம் எப்போ...

கூரை வீட்டுக்காரர் பொறுப்பு, உள்ளே நனைந்த சாமான் உங்கள் காப்பீடு. பழுதுபார்க்கச் சொல்லிப் பதிவுத் தபாலில் எழுதுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள் அம்மா, வழக்கு உங்களுக்கு எதிராகத் திரும்பும்.