கோடை இடிமழை: வாசகர் கேள்விகளுக்கு விடைகள்

கேள்வி: சித்திரை பிறந்ததிலிருந்து வானொலியில் நாள்தோறும் ‘மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்’ என்கிறார்கள். எங்கள் ஊரில் மாலையானால் வானம் இருட்டிக்கொண்டு வந்து கலைந்துவிடுகிறது. பக்கத்து ஊரிலோ கொட்டித் தீர்க்கிறது. எது நடந்தாலும் தப்பித்துக்கொள்ளத்தானே இப்படிச் சொல்கிறார்கள்?
- வாழை விவசாயி, கோபிசெட்டிபாளையம்

பதில்: உங்கள் எரிச்சல் நியாயமானது, ஆயினும் அந்த அறிவிப்பு மழுப்பல் அன்று. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ‘ஓரிரு இடங்களில்’ என்றால், அப்பகுதியின் மழை அளவு நிலையங்களில் 25 விழுக்காடோ அதற்கும் குறைவாகவோதான் மழை பதிவாகும் என்று பொருள். 26 முதல் 50 வரை ‘சில இடங்கள்’. 51 முதல் 75 வரை ‘பல இடங்கள்’. ஆகவே, அறிவிப்பு முற்றிலும் பலித்த நாளிலும் நான்கில் மூன்று ஊர்களுக்கு மழை இராது. அதே அறிவிப்பில் வரும் ‘லேசானது முதல் மிதமான’ என்பதுதான் எனக்கும் உவப்பில்லாதது, 2.5 மில்லிமீட்டர் முதல் 64.4 மில்லிமீட்டர் வரை அதற்குள் அடங்கிவிடுவதால், தூறலுக்கும் வரப்பு நிரம்பும் மழைக்கும் வேறுபாடு தெரிவதில்லை.

இடம் குறித்துச் சொல்ல முடியாமைக்குக் காரணம் கோடை மேகத்தின் இயல்பே. தனித்த ஓர் இடிமேகம் சில கிலோமீட்டர் அகலமே உடையது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்திற்குள் பிறந்து, முதிர்ந்து, அடங்கிவிடும். நண்பகல் வெயிலில் தரை சூடேறியிருப்பதும், வங்கக் கடலிலிருந்து ஈரக்காற்று உள்ளே வந்திருப்பதும், மத்திய இந்தியாவிலிருந்து கர்நாடகத்தின் உட்பகுதி வழியாகத் தமிழகம் வரை நீளும் காற்றுச் சந்திப்புக் கோட்டில் வறண்ட காற்றும் ஈரக்காற்றும் மோதிக்கொள்வதும் காலையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்தக் காற்று எந்த மலைச்சரிவில் முதலில் மேலெழும் என்பது தெரியாது. மழை பொழியும் மேகத்திலிருந்து குளிர்ந்த காற்று கீழிறங்கித் தரையோடு பரவுகிறது. உங்கள் ஊரில் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போவது பெரும்பாலும் பக்கத்து ஊர் மழையின் இந்த மூச்சுதான்.

வாழை விவசாயிக்கு மழையைவிட இதுவே கவலைக்குரியது. தார் விட்ட மரத்தைச் சாய்க்க மழை வேண்டியதில்லை, சூறைக்காற்று போதும். எனவே, ‘ஓரிரு இடங்களில் இடிமழை’ என்பதை மழைச் செய்தியாகக் கொள்ளாமல் காற்று எச்சரிக்கையாகக் கொண்டு, சவுக்குக் கம்பு முட்டுகளைப் பங்குனியிலேயே கொடுத்துவிடுவது நல்லது. அன்றன்றைய நிலைக்கு, ரேடார் படங்களைக் கொண்டு அடுத்த 3 மணி நேரத்திற்கு வெளியிடப்படும் அறிவிப்பே காலை அறிக்கையைவிடப் பயன்படும்.

கேள்வி: அக்னி நட்சத்திரம் முடிந்த பிறகும் சென்னையில் வெயில் குறையாமல் கூடுவது ஏன்?
- இல்லத்தரசி, பெரம்பூர்

பதில்: அக்னி நட்சத்திரம் என்பது சூரியன் பரணியின் பிற்பகுதியிலிருந்து ரோகிணியின் தொடக்கம் வரை செல்லும் காலத்தைக் குறிக்கும் பஞ்சாங்கக் கணக்கு. சென்னையின் வெயிலை முடிவுசெய்வதோ கடற்காற்று எப்போது ஊருக்குள் நுழைகிறது என்பதே. மே மாதக் கடைசியில் மேற்குக் காற்று வலுக்கத் தொடங்கி, உள்மாவட்டங்களின் வறண்ட வெப்பத்தைக் கிழக்கே தள்ளிக்கொண்டு வருவதால், நண்பகலுக்கு முன்பே வந்துகொண்டிருந்த கடற்காற்று பிற்பகல் வரை கரைக்கு வெளியே தடைபட்டு நின்றுவிடுகிறது. சில நாள்களில் வருவதே இல்லை. 2003 மே இறுதியில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவானது இத்தகைய காலத்தில்தான்.

வங்கக் கடலில் புயல் உருவானால் வெயில் தணியும் என்ற நம்பிக்கையும் பலவேளை பொய்க்கும். 2019-இல் ஃபானி புயல் தமிழகத்திற்கு மழை தரும் என்று முதலில் எதிர்பார்க்கப்பட்டது. அது வடக்கே திரும்பி, மே 3 அன்று ஒடிசாவின் புரி அருகே கரையைக் கடந்தது. அவ்வாறு விலகிச் செல்லும் புயல் ஈரத்தையும் தன்னோடு இழுத்துச் சென்று, நமக்கு வறண்ட நிலக்காற்றை விட்டுச்செல்கிறது. இருப்பினும், மேற்குக் காற்றால் ஒரு நன்மையும் உண்டு. மாலையில் வேலூர், சித்தூர் பக்கம் திரளும் இடிமேகங்களை அது இரவில் சென்னைக்கு நகர்த்தி வருவதால், ஜூன் முதல் இரவு மழைக்கான வாய்ப்பு கூடுகிறது.

கேள்வி: இடி ஓய்ந்து எவ்வளவு நேரம் கழித்து வயலுக்குத் திரும்பலாம்?
- வாசகர், ஒரத்தநாடு

பதில்: கடைசி இடியோசை கேட்டு 30 நிமிடம் கழித்து. மின்னலுக்கும் இடிக்கும் இடையே ஒவ்வொரு 3 விநாடிக்கும் தொலைவு ஏறத்தாழ 1 கிலோமீட்டர். 30 விநாடிக்குள் இடி கேட்டால் நீங்கள் மின்னலின் எல்லைக்குள் இருக்கிறீர்கள். மரத்தடி வேண்டாம். கட்டடமாக உள்ள மோட்டார் அறைக்குள் ஒதுங்கலாம். ஆனால் அங்குள்ள குழாயையும் மின்பலகையையும் தொடக் கூடாது. செல்பேசி மின்னலை ஈர்க்கும் என்பது தவறான நம்பிக்கை. திறந்த வெளியில் நின்று பேசுவதுதான் ஆபத்து.