80 டிகிரியில் நிற்கும் ஸ்மோக்கர்
வணக்கம். 110 டிகிரியில் வைத்த மின்சார ஸ்மோக்கர் (இறைச்சியைப் புகையில் மெல்ல வேகவைக்கும் பெட்டி) 80ஐத் தாண்டவில்லை, பின்முற்றத்தில் 20 மீட்டர் எக்ஸ்டென்ஷன் வயரில் ஓடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அந்த வயரில்தான் சந்தேகம். ஒரு மணித்தியாலம் ஓடவிட்டு, சுவிட்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றித் தொட்டுப் பாருங்கள். சுட்டால், ஹீட்டருக்குப் போகவேண்டிய சக்தி வழியிலேயே வீணாகிறது. எங்கள் வீட்டில் பிளக்கின் ஒரு கால் கறுத்து, சொக்கெட் பிளாஸ்டிக் இளகியே போயிருந்தது. 230 வோல்ட் 200 ஆக இறங்கினால், 800 வாட் ஹீட்டர் 600 வாட் அளவுதான் தரும். தடித்த, நீளம் குறைந்த வயர் வாங்குங்கள். சுருட்டி வைக்காமல் விரித்துவிடுங்கள்.

அப்புறம் காற்று. சோளகம் அடிக்கிற நாட்களில் மெல்லிய தகரப் பெட்டியில் சூடு நிற்காது. மதிலோரம் ஒதுக்கி வையுங்கள், ஆனால் கிடுகு வேலிக்குப் பக்கத்தில் வேண்டவே வேண்டாம். தண்ணீர்த் தட்டில் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். கதவை அடிக்கடி திறக்காதீர்கள்.

பெட்டி சரியாகச் சூடேறிய பிறகும், பெரிய துண்டின் உள்சூடு 70 டிகிரிக்குக் கிட்ட மணிக்கணக்கில் நிற்கலாம். ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்த்துவதால் வருவது அது, பழுதில்லை. கோழி என்றால் நடுவில் 74 வந்தே ஆகவேண்டும். 4 மணித்தியாலமாகியும் உள்சூடு 60ஐத் தொடாத இறைச்சியைத் தயவுசெய்து பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், எறிந்துவிடுங்கள்.