முத்தக் காட்சி வந்தால் ரிமோட்டைத் தேட வேண்டுமா?

கே: மகளுக்கு 13 வயது முடிந்துவிட்டது. ஹாலிவுட் ரொமான்டிக் காமெடி பார்க்க ஆசைப்படுகிறாள். 'பி.ஜி.-13' என்று போட்டிருந்தால் நம்பி விடலாமா?

ப: அதை மட்டும் நம்பி விடாதீர்கள். 1984-ல் அமெரிக்காவில் வந்த திரைப்பட ரேட்டிங் பிரிவு அது. 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குச் சில விஷயங்கள் ஒத்துவராமல் போகலாம் என்று பெற்றோரை எச்சரிக்கிறது, அவ்வளவுதான். 13 ஆனால் எல்லாம் பார்க்கலாம் என்று பொருள் இல்லை.

உடலுறவைக் குறிக்கும் கடுமையான கெட்ட வார்த்தை, வெறும் வசவாக ஒருமுறை வந்தால் குறைந்தது பி.ஜி.-13. ஒன்றுக்கு மேல் போனாலோ, உடலுறவு என்ற அர்த்தத்திலேயே ஒரே ஒரு தடவை வந்தாலோ பொதுவாக 'ஆர்' (17 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையோடுதான் தியேட்டரில் பார்க்கலாம் என்ற பிரிவு) கொடுத்துவிடுவார்கள். அதனால் துணி விலகாத படம்கூட வசனத்துக்காகவே 'ஆர்' வாங்கும். ரேட்டிங் எழுத்தை விட, அதற்குக் கீழே பொடியாகப் போட்டிருக்கும் காரண வரியைப் படியுங்கள். பாலியல் பேச்சா, காட்சியா, சில நொடி நிர்வாணமா என்பது அங்கேதான் இருக்கும். 'அன்ரேட்டட்', அதாவது ரேட்டிங் வாங்காத பதிப்பு என்றால் தியேட்டருக்காக வெட்டியதைத் திரும்பச் சேர்த்திருக்கலாம். பழைய ரேட்டிங் அதற்குச் செல்லாது.

எந்த ரேட்டிங்கும் சொல்லாத ஒன்று உண்டு. எங்களுக்கு முத்தத்தை விட அதுதான் கவலை. படத்தில் நாயகி 'வேண்டாம்' என்கிறாள். நாயகன் நள்ளிரவில் அவள் ஜன்னலுக்குக் கீழே வந்து நிற்கிறான். அவள் திரையை இழுத்து மூடுகிறாள்; அவன் கல் எறிகிறான். பின்னணியில் குதூகலமான இசை. அந்தக் காட்சியைச் சத்தத்தை நிறுத்திவிட்டு ஒருமுறை பாருங்கள், பயமாக இருக்கும். போதையில் நிதானம் இழந்தவளோடு படுக்கையைப் பகிர்வதைச் சிரிப்பாக்கும் காட்சிகளும் இதே ரகம். மகளிடம் பேச வேண்டியது இவற்றைப் பற்றித்தான்.

கே: படுக்கையறைக் காட்சிகளை எப்படி எடுக்கிறார்கள்? நடிகர்களுக்குச் சங்கடமாக இருக்காதா?

ப: முறையாக எடுத்தால் அது சண்டைக் காட்சி மாதிரி, ஒவ்வோர் அசைவும் முன்பே பேசி வைத்தது. எதைக் காட்டலாம், எங்கே தொடலாம், எங்கே கூடாது என்பதை எழுத்தில் வாங்கிவிடுவார்கள். தோல் நிற உள்ளாடை ஒட்டி, இருவருக்கும் நடுவில் மெத்தென்ற தடுப்பு வைப்பார்கள். செட்டில் அவசியமானவர்கள் மட்டும்தான் இருப்பார்கள். இதையெல்லாம் கவனிக்கத் தனி ஆள் உண்டு, இன்டிமசி கோஆர்டினேட்டர். அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனமான எச்.பி.ஓ. 2018-லேயே தன் தொடர்களுக்கு இவர்களை அமர்த்தத் தொடங்கியது.

காமெடிக்கு இந்த ஒத்திகை இன்னும் அவசியம். தலையும் தலையும் முட்டிக்கொள்வது, சட்டைப் பொத்தான் சிக்குவது எல்லாமே எண்ணிக்கை வைத்துச் செய்வது. 'அந்த நேரத்தில் தோன்றுவதைச் செய்யுங்கள்' என்று விட்டால்தான் கெடும். ஒருவர் திட்டத்தில் இல்லாததைச் செய்ய, மற்றவர் உடம்பு சங்கடத்தில் இறுகிப்போகும். அந்த இறுக்கம் திரையில் அப்படியே தெரியும், சிரிப்பும் வராது.

கே: குழந்தையோடு பார்க்கும்போது திடீரென்று அப்படிக் காட்சி வந்தால்?

ப: பாய்ந்து ரிமோட்டை எடுத்தால், அது ஏதோ பெரிய ரகசியம் என்று பதிந்துவிடும். சின்னப் பிள்ளை என்றால், "இது பெரியவங்களுக்கானது, தள்ளி ஓட்டுறேன்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நகர்த்துங்கள். பதின்வயது என்றால் ஓடட்டும். படம் முடிந்ததும், "அந்த இடத்துல அவளுக்குச் சம்மதம்னு உனக்குத் தோணுச்சா?" என்று கேளுங்கள். பதிலை நடுவில் வெட்டாமல் கேளுங்கள்.