'பாலியேட்டிவ்' என்றால் கைவிட்டுவிட்டார்களா?

கேள்வி: அப்பாவுக்கு 74 வயது, நுரையீரல் புற்றுநோய். திருவனந்தபுரத்தில் காட்டி வருகிறோம். இனி கீமோ வேண்டாம், 'பாலியேட்டிவ்' போதும் என்று டாக்டர் எழுதிவிட்டார். 'டி.என்.ஆர்.' பற்றியும் யோசித்து வரச் சொன்னார். கையெழுத்துப் போட்டால் நாமே அப்பாவைக் கொன்ற மாதிரி என்கிறான் அண்ணன். அத்தானோ மார்ஃபின் மாத்திரையையே ஒளித்து வைத்துவிட்டார். என்ன செய்ய, அக்கா?
வாசகி, செங்கோட்டை

பதில்: முதலில் அத்தானிடமிருந்து மாத்திரையை வாங்குங்கம்மா. டாக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் கொடுத்தால் மார்ஃபின் ஆளைக் கொல்லாது. வலியோடு மூச்சுத் திணறலையும் தணிக்கும். மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து கேட்டு வாங்குங்கள்.

நான் களியக்காவிளைக்காரி. பாறசாலையில் இருந்த என் அம்மாவின் சீட்டிலும் 'பாலியேட்டிவ்' என்ற இதே சொல் வந்தது. நோயைக் குணமாக்க அல்ல, வலியையும் அவதியையும் தணிக்கத் தரும் சிகிச்சை அது. இருபது வருஷம் நர்ஸாக இருந்த நானே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்து அழுதேன். அப்புறம் பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வந்தார். கேரளத்தில் 2008 முதலே இதற்கென அரசுக் கொள்கை உண்டு. மலையாளத்தில் 'சாந்த்வன பரிசரணம்' என்பார்கள், ஆறுதலான பணிவிடை. வந்த நர்ஸ் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டினார். அம்மாவை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எனக்கே பாடம் எடுத்தார் (உள்ளுக்குள் கோபம்தான்). வலி அடங்கிய மூன்றாம் நாள் அம்மா கஞ்சியும் பயறும் கேட்டாள். கைவிட்டவர்கள் புண் கழுவ வருவார்களா? உங்கள் பக்கம் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இப்படி வீட்டுக்கு வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

டி.என்.ஆர். என்பது, இதயமோ மூச்சோ நின்றுபோனால் நெஞ்சை அழுத்தி, குழாய் போட்டு மீட்க முயல வேண்டாம் என்பது மட்டும்தான். வலி மருந்து, ஆக்சிஜன், பணிவிடை எதுவும் நிற்காது. அண்ணன் பயப்படுகிற கருணைக்கொலை என்பது, ஊசி போட்டு உயிரை எடுப்பது. அது நம் நாட்டில் குற்றம். பலன் தராத உயிர்காப்புச் சிகிச்சையை முறைப்படி வேண்டாம் என்று சொல்வதை உச்ச நீதிமன்றம் 2018-இல் ஏற்றுக்கொண்டது. தனக்கு என்ன வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதியும் வைக்கலாம். முன்பு அதற்கு மாஜிஸ்திரேட் கையெழுத்து வேண்டியிருந்தது. 2023 முதல் இரண்டு சாட்சிகளோடு நோட்டரி போதும்.

சரி, உங்கள் கடிதத்தில் அண்ணன் பேசுகிறார், அத்தான் பேசுகிறார், டாக்டரும் பேசுகிறார். அப்பா என்ன சொன்னார்? நினைவோடுதானே இருக்கிறார்? அண்ணனையும் பக்கத்தில் உட்காரவைத்து அவரிடமே கேளுங்கள். அதுவும் மாத்திரை கொடுத்து, வலி அடங்கின பிறகு.