சதுரங்க ரசிகர்களின் கேள்விகள்: குகேஷ் – டிங் லிரென் போட்டியை முன்வைத்து

சிங்கப்பூரில் 2024 நவம்பர் 25 முதல் டிசம்பர் 12 வரை நடந்த உலக சதுரங்க சாம்பியன் போட்டியில் சென்னையைச் சேர்ந்த டி. குகேஷ், சீனாவின் டிங் லிரெனை 7.5–6.5 என்ற புள்ளிக் கணக்கில் வென்றார். அதையொட்டி வாசகர்கள் அனுப்பிய கேள்விகள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கடைசி ஆட்டத்தில் டிங் செய்த தவறால்தான் பட்டம் கைமாறியது, குகேஷ் வென்றார் என்பதைவிட டிங் தோற்றார் என்பதே சரி என்று என் மைத்துனர் வாதிடுகிறார். தங்கள் கருத்து என்ன?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் மைத்துனர் பதினான்காவது ஆட்டத்தின் 55-ஆவது நகர்த்தலை மட்டும் பார்க்கிறார். அதற்கு முந்தைய 54 நகர்த்தல்களையும் சேர்த்துப் பார்த்தால் அவருடைய வாதம் அவ்வளவு உறுதியாக நிற்காது. அன்று இருவரும் தலா ஆறரைப் புள்ளிகளுடன் பலகையின் முன் அமர்ந்தனர். வெள்ளைக் காய்கள் கையில் இருந்தும், டிங் வெற்றிக்கு முயலாமல் காய்களை வெட்டிக் குறைத்து, ஆட்டத்தை டிராவில் முடித்துவிட்டு, மறுநாள் நடக்கவிருந்த விரைவு ஆட்டங்களில் பட்டத்தை முடிவுசெய்துகொள்ளவே விரும்பினார் என்பது அவர் ஆடிய விதத்திலேயே தெரிந்தது. அந்த நோக்கத்துக்காக ஒரு சிப்பாயை இழக்கவும் அவர் தயங்கவில்லை. கடைசியில் இருவரிடமும் தலா ஒரு யானையும் ஒரு பிஷப்பும் எஞ்சின. சிப்பாய்கள் குகேஷிடம் இரண்டு, டிங்கிடம் ஒன்று. கவனமாகக் காத்தால் டிராவாகிவிடும் நிலைதான் அது. ஆனால் காப்பவருக்கு மட்டுமே அங்கே ஆபத்து உண்டு. அழுத்துபவருக்கு இழக்க எதுவும் இல்லை. குகேஷ் அதைத் தெளிவாக உணர்ந்து, டிராவுக்கு இசையாமல் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுவந்து யானைப் பரிமாற்றத்துக்கு வழிவிட்டார். அவருடைய பிஷப் அப்போது ஏ8 என்ற மூலையில் நின்றது. யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் தம் பிஷப்பை டி5 கட்டத்தில் வைத்து அதன் எதிரே நிறுத்தினார். மூலையில் நிற்கும் பிஷப்புக்கு அந்த ஒரே மூலைவிட்டம்தான் வழி என்பதால், பிஷப் பரிமாற்றத்தை டிங்கால் தவிர்க்க முடியவில்லை. அதன்பின் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டுமே எஞ்சிய முடிவாட்டத்தில் கூடுதல் சிப்பாய் வெற்றியைத் தந்தது. 58-ஆவது நகர்த்தலில் டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

அந்தப் பிழையை முன்னாள் உலக சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் உட்படப் பலர் கடுமையாக விமர்சித்தார்கள். பிழை பெரியது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஓவர் ஓவராக ரன் கொடுக்காமல் பந்து வீசி நெருக்கிய பிறகு, மட்டையாளர் தவறான பந்தைத் தூக்கி அடித்து ஆட்டமிழந்தால், அந்த விக்கெட்டைப் பந்துவீச்சாளர் கணக்கில்தானே எழுதுகிறோம்? மேலும், 2013-இல் சென்னையில் நடந்த உலக சாம்பியன் போட்டியில், நார்வேயின் மாக்னஸ் கார்ல்சனுக்கு எதிரான ஒன்பதாவது ஆட்டத்தில் ஆனந்த் 28-ஆவது நகர்த்தலில் குதிரையை எஃப்1-க்குக் கொண்டுசென்று அந்த நொடியே தோற்றார். அதற்காகக் கார்ல்சனின் பட்டத்தை யாரும் குறைத்துப் பேசவில்லை.

கேள்வி: நேரலையில் திரையின் ஓரத்தில் ஏறி இறங்கும் மதிப்பீட்டுப் பட்டையைப் பார்த்துத்தான் ஆட்டத்தைப் பின்தொடர்கிறேன். அது நல்ல பழக்கமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: யார் முந்துகிறார் என்று தெரிந்துகொள்ள மட்டும் விரும்பினால் அது போதும். ஆனால் ஆட்டத்தைப் பார்க்க விரும்பினால் அந்தப் பட்டையை ஒரு காகிதத்தால் மறைத்துவிடுங்கள் என்றே சொல்வேன். ஸ்டாக்ஃபிஷ் போன்ற சதுரங்கக் கணினி நிரல்கள் நொடிக்குப் பல லட்சம் நிலைகளை அலசி, எந்தப் பக்கம் எத்தனை சிப்பாய் மதிப்புக்கு மேலோங்கியிருக்கிறது என்று ஓர் எண்ணைத் தருகின்றன. அந்த நிலையில் சரியான வழியைக் கண்டுபிடிப்பது மனிதருக்கு எளிதா, அரிதா என்பதை அந்த எண் சொல்வதில்லை. சமநிலை என்று காட்டும் இடத்தில் ஒருவருக்குப் பத்து நல்ல நகர்த்தல்களும் மற்றவருக்கு ஒரே ஒரு நகர்த்தலும் இருக்கக்கூடும். இரண்டாமவர் படும் பாட்டைப் பட்டையில் காண முடியாது.

2014-இல் சோச்சியில் கார்ல்சனும் ஆனந்தும் ஆடிய உலக சாம்பியன் போட்டியின் ஆறாவது ஆட்டம் இதற்கு நல்ல சான்று. கார்ல்சன் 26-ஆவது நகர்த்தலில் ராஜாவை டி2 கட்டத்துக்கு நகர்த்தினார். ஆனந்த் தம் குதிரையால் இ5 சிப்பாயை வெட்டியிருந்தால் ஆட்டம் அவர் பக்கம் சாய்ந்திருக்கும். நிரல்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த ரசிகர்கள் எல்லாரும் அதைக் கண்டார்கள், அதாவது நிரல் காட்டியதைக் கண்டார்கள். ஆனந்தோ தாம் முன்பே திட்டமிட்டிருந்த சிப்பாய் நகர்த்தலை விரைவாக ஆடிவிட்டார். எதிராளி அத்தகைய பிழை செய்யக்கூடும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. அந்த ஆட்டத்தைக் கார்ல்சன் வென்றார். சிங்கப்பூரிலும் டிங்கின் யானை எஃப்2-க்கு வந்தபோது அது பிழை என்பதை உடனே உணரவில்லை என்றும், வேறொரு நகர்த்தலை ஆடவிருந்ததாகவும் குகேஷே பின்னர் கூறினார். நிரல் இல்லாமல் பார்த்திருந்தால், அவருடன் சேர்ந்து அதைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு உங்களுக்கும் கிடைத்திருக்கும்.

எனவே வீட்டில் ஒரு பலகையை அடுக்கி வைத்து, ஒவ்வொரு முக்கியக் கட்டத்திலும் உங்கள் நகர்த்தலை முதலில் எழுதிவிட்டு, பிறகு வீரர் ஆடியதை ஒப்பிடுங்கள். நிரலை ஆட்டம் முடிந்த பிறகு திறந்தால் போதும். அப்போதுதான் அது ஆசிரியராக இருக்கும்.

கேள்வி: ஆட்டங்கள் பிற்பகல் இரண்டரை மணிக்கே தொடங்கிவிட்டன. அலுவலகம் செல்பவர் எந்த நேரத்தைத் தவறவிடாமல் பார்க்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: முதல் 40 நகர்த்தல்களுக்கு ஒவ்வொருவருக்கும் 120 நிமிடங்கள் என்பதே இந்தப் போட்டியின் விதி. 41-ஆவது நகர்த்தலிலிருந்துதான் ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 நொடிகள் கூடுதலாகக் கிடைக்கும். ஆகவே முப்பதாவது நகர்த்தலைத் தாண்டி, கடிகாரத்தில் சில நிமிடங்களே எஞ்சியிருக்கும் பொழுதுதான் மிகச் சூடானது. மாலை ஐந்தரை மணிக்கு மேல் பார்த்தாலே பெரும்பாலும் அது கிடைத்துவிடும். மூன்றாவது ஆட்டத்தில் டிங் நேரம் தீர்ந்தே தோற்றார். அந்த ஆட்டம் 37 நகர்த்தல்களைத் தாண்டவில்லை. பலகையைப் போலவே கடிகாரத்தையும் பார்க்கப் பழகுங்கள்.

கேள்வி: பதினான்கில் ஒன்பது ஆட்டங்கள் டிரா. இதில் என்ன சுவை?
– வாசகர், மதுரை

பதில்: 2018-இல் லண்டனில் உலக சாம்பியன் பட்டத்துக்காகக் கார்ல்சனும் அமெரிக்காவின் கருவானாவும் ஆடிய பன்னிரண்டு முறையான ஆட்டங்களும் டிராவாயின, அதை நினைத்தால் சிங்கப்பூர் திருவிழாதான். எல்லா டிராக்களும் ஒரே தரத்தவை அல்ல. 40 நகர்த்தல்களுக்கு முன் பேசி டிரா செய்யக்கூடாது என்ற விதி இருந்தும், அதே நிலை மூன்று முறை வந்ததால் இரண்டாவது ஆட்டம் 23 நகர்த்தல்களிலேயே முடிந்தது. அதை நானும் கொட்டாவியுடன்தான் பார்த்தேன். ஆறாவது ஆட்டமோ வேறு வகை. தம் நிலை சற்றுத் தாழ்ந்திருந்தும், அதே நிலையை மீண்டும் வரவழைத்து டிரா செய்துகொள்ளும் வழி கைக்கெட்டியும், குகேஷ் ராணியை வேறிடம் நகர்த்தி ஆட்டத்தைத் தொடர்ந்தார். கடைசி ஆட்டத்தில் தெரிந்த பிடிவாதத்தை முதலில் நான் கவனித்தது அங்கேதான்.

கேள்வி: வரலாற்றிலேயே மிக இளைய உலக சாம்பியன் குகேஷ் என்பது சரியா? என் நண்பர் உக்ரைன் வீரர் பொனமரியோவ் பெயரைச் சொல்கிறார்.
– வாசகர், புதுச்சேரி

பதில்: நண்பர் விவரம் அறிந்தவர். ருஸ்லான் பொனமரியோவ் 2002 ஜனவரியில் உலக சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் வெளியேற்று முறை உலக சாம்பியன் போட்டியை வென்றபோது, குகேஷ் பட்டம் வென்ற வயதைவிடச் சுமார் மூன்று மாதங்கள் இளையவராக இருந்தார். ஆனால் 1993 முதல் 2006 வரை பட்டம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. அவர் வென்றது அவற்றுள் ஒரு பாதியைத்தான். பிளவுபடாத பட்டத்தைக் கணக்கில் கொண்டால், 1985-இல் 22 வயதில் வென்ற காஸ்பரோவைப் பின்னுக்குத் தள்ளி 18 வயது குகேஷே முதலிடத்தில் இருக்கிறார்.