திரையில் மலையாளி

கேள்வி: தமிழ்ப் படங்களை விரும்பிப் பார்க்கும் மலையாளி நான். எங்களவர் பலமுறை டீக்கடை நாயராகவும் கவர்ச்சிப் பெண்ணாகவும் மட்டுமே வருவது ஏன்?
- வாசகர், பாலக்காடு

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. ஒரு சமூகத்தை உடையாலும் உச்சரிப்பாலும் மட்டுமே அடையாளம் காட்டுவது எழுத்தாளரின் சோம்பல். மலையாளப் படங்களும் தமிழரை அடியாளாகக் காட்டியதுண்டு. ஆனால், 2023இல் திரைக்கு வந்த ‘நண்பகல் நேரத்து மயக்கம்’ படத்தில், வேளாங்கண்ணியிலிருந்து ஊர் திரும்பும் வழியில் வண்டியை நிறுத்தி இறங்கும் மம்மூட்டி, முன்பின் அறியாத தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் உரிமையோடு நுழைந்து, அங்கிருந்து காணாமல்போன சுந்தரமாகவே தமிழ் பேசி நடமாடுகிறார். பழைய தமிழ்த் திரைப்பாடல்கள் பின்னணியில் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. கேலியின் சாயல்கூட அதில் இல்லை. அத்தகைய மதிப்போடு ஒரு மலையாளிப் பாத்திரத்தைப் படைக்கும் கடமை எங்கள் இயக்குநர்களுக்கு உண்டு.